வலசைப் பறவைகளைக் காணச் செல்வோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

இலையுதிர்கால வலசையைக் காண ஏரிக்கரைகளுக்குக் குழுவாகச் செல்லும் வழக்கம் பெருகிவருவது மகிழ்ச்சிக்குரியதே; ஆயினும், ஆட்கள் கூடக்கூடக் கரையில் ஒழுங்கு குறைவதையும் சொல்லியாக வேண்டும்.

ஆர்க்டிக் பகுதியின் மரமற்ற குளிர்ச் சமவெளியான தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் கொசு உள்ளான் என்னும் சிறு கரைப்பறவையின் எடை ஏறத்தாழ 25 கிராம்தான். ஈரச் சேற்றைத் தையல் இயந்திரத்தின் ஊசிபோல அது ஓயாமல் அலகால் குத்துவது, அடுத்த கட்டப் பயணத்துக்கான கொழுப்பைச் சேர்ப்பதற்காக. பட்டைவால் மூக்கன் என்னும் மற்றொரு கரைப்பறவை இனத்தின் இளம்பறவை ஒன்று 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்ததாகச் செயற்கைக்கோள் கருவி பதிவுசெய்தது. அதற்குத் துணைநின்றதும் இத்தகைய சேமிப்பே. ஆகவே, இன்னும் நெருக்கமான படம் வேண்டுமென்று ஒருவர் நீர்விளிம்புக்கு இறங்க, பறவைக் கூட்டமே எழுந்து பறந்துவிடும்போது, இரை தேடும் நேரமும் சேமித்த சக்தியும் ஒருசேர வீணாகின்றன. (பறவை எழும்வரை நெருங்குவதைத் திறமையாகக் கருதுவோரும் உண்டு!)

பறவைகள் இரை தேடுவதை நிறுத்தித் தலைதூக்கிப் பார்த்தாலே குழு நின்றுவிட வேண்டும். முக்காலியில் பொருத்திய ஒரே தொலைநோக்கியை வரிசையாகப் பகிர்ந்துகொண்டு, சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று பார்த்தால், இனத்தை அடையாளம் காண உதவும் கால் நிறமும் இறகின் வெளிறிய விளிம்பும் தொலைவிலிருந்தே தெளிவாகத் தெரியும். பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிக்கவிடுவதையும் டிரோன் பறக்கவிடுவதையும் ஏற்பாட்டாளர்கள் அறவே தடுக்க வேண்டும். பெரிய குழுவைச் சிறு பிரிவுகளாக அனுப்பினால், புதியவர்களுக்கும் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைக்கும்.

இப்படிக்கு,
பறவை நோக்கும் வாசகர்