பெட்டிக்கு மேல் பெட்டி வேண்டாம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு முடிந்துவிட்டது என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. சோமனூரில் தறிகள் ஓடுகின்றன. பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அதனால் வீடு கலகலவென்று இருக்கிறது.

சரி, பாட்டு கேட்கும் செட்டுக்கு இன்னும் என்ன வாங்கலாம் என்ற உன் கேள்விக்கு வருகிறேன். டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின்சாரமாக மாற்றும் டாக் (DAC) வாங்கியாயிற்று. இப்போது கடைக்காரர் அதற்கு முன்னால் தரவின் நேரத்தைத் திருத்தும் ஒரு ரீகிளாக்கர், தனி பவர் சப்ளை, வெள்ளிக் கம்பி யூஎஸ்பி கேபிள் எல்லாம் வேண்டும் என்கிறார். ஒன்றும் வேண்டாம். உன் டாக் அசிங்க்ரனஸ் யூஎஸ்பி வகை. எந்த நொடியில் எந்த எண்ணை ஒலியாக்குவது என்பதை அதற்குள் இருக்கும் கடிகாரமே முடிவு செய்கிறது. டாக் கேட்கும்போது கம்ப்யூட்டர் தரவை அனுப்புகிறது, அவ்வளவுதான். நேரத்தைத் திருத்த முன்னால் இன்னொரு பெட்டி வைத்தால் அதற்கு அங்கே வேலையே கிடையாது.

ஒலியளவை இன்னும் நுணுக்கமான படிகளில் பதியும் 24 பிட் ஃபைல்களுக்காக, பாட்டை எடுத்து டாக்குக்கு அனுப்பும் ஸ்ட்ரீமரையும் மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். 1982-இல் வந்த சிடியின் 16 பிட்டே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி தருகிறது. உன் கூடத்தில் ஃபேன் சுற்றும்போது அதில் பாதிக்கு மேல் காதுக்கு எட்டினாலே பெரிது. சிடி நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது, அந்த 44.1 கிலோஹெர்ட்ஸில் 22,050 ஹெர்ட்ஸ் வரை பதிவாகிவிடும். நம் வயதில் 15,000 கேட்பதே சந்தேகம். இருக்கிற ஸ்ட்ரீமரே போதும்.

டிவியை இணைத்தால் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது என்றாயே, அது வேறு விஷயம். செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பார். இரைச்சல் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த் ஆகி இடையில் மின்சாரம் சுற்றுவது. டிவியிலிருந்து டாக்குக்கு ஆப்டிகல் கேபிள் போடு. அதில் ஒளிதான் போகிறது, மின்தொடர்பு அறுந்துவிடும். சாதாரண விலையில் கிடைப்பதே போதும்.

ஆனால் உன் உண்மையான தொந்தரவு கூடம்தான். போன முறை வந்தபோது கவனித்தேன். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்துக் கனத்த ஒலி, சில இடங்களில் வீங்கிக் கேட்டது, பின்சுவரை ஒட்டிய சோபாவில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். கூடம் 14 அடி அகலம். ஒலி நொடிக்கு சுமார் 1,130 அடி போகிறது, சுவருக்குச் சுவர் போய்வர 28 அடி, ஆகவே அந்த அகலத்துக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு ஒலி தேங்கி நிற்கும், 80-இல் இன்னொன்று. மொசைக் தரையில் பவானி ஜமக்காளம் விரித்தால் மேல் ஸ்தாயியின் எதிரொலி அடங்கும், இந்த வீக்கம் அடங்காது. முதலில் சோபாவைச் சுவரை விட்டு மூன்றடி முன்னுக்கு இழு, ஸ்பீக்கர்களையும் மூலையிலிருந்து நகர்த்து.

அதற்கப்புறமும் வீக்கம் இருந்தால், நான் காசு கொடுக்கச் சொல்லும் ஒரே டிஜிட்டல் பெட்டி அறைக்கேற்பத் திருத்தும் டிஎஸ்பி. அளவு மைக்கை நீ உட்காரும் இடத்தில் வைத்து அளந்து, தூக்கலான இடங்களை அது குறைக்கும். ஒலியே செத்துப்போகும் இடங்களை மட்டும் அதனால் நிரப்ப முடியாது. அதற்கு நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும்.

கடைக்காரர் விடாமல் பேசினால், ரீகிளாக்கரை ஒரு வாரம் வீட்டுக்குக் கேள். பேரனை விட்டு, உனக்குச் சொல்லாமல் சேர்த்தும் எடுத்தும் மாற்றச் சொல். சத்தம் இரண்டிலும் ஒரே அளவாக இருக்கட்டும். அரை டெசிபல் கூடினாலே காது அதை ‘நல்லாயிருக்கு’ என்றுவிடும். பத்து முறையில் ஒன்பது முறையாவது நீ சரியாகச் சொன்னால் நானே வாங்கச் சொல்கிறேன்.

குழந்தை பிறந்து வீடு ஒரு நிலைக்கு வந்ததும் கோபிக்கு வருகிறேன். என் அளவு மைக்கையும் லேப்டாப்பையும் கொண்டுவருகிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே. அக்காவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் சோமனூர்க்காரன்