நான்கு மாமாக்களுக்கும், கூட நின்றவர்களுக்கும் நன்றி

நாகர்கோவில் சுபேதார் ஐயா, தேனி மாமா, கோலார் மாமா, கொல்லம் மாமா, நால்வருக்கும் வணக்கம்.

உங்களை ஊர்ப் பெயரால்தான் எங்களுக்குத் தெரியும். பட்டாளத்தில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்ததால் ஊரையே பெயராக்கிக்கொண்டீர்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். கோட்டையூர் என்றால் யாருக்கும் தெரியவில்லை என்பதால் அங்கே அப்பா ‘காரைக்குடி’. போனில் நன்றி சொன்னால், “விடும்மா, இதுக்கெல்லாமா” என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். இங்கே நீங்கள் குறுக்கே பேச முடியாது.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். காபி, கஞ்சி, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இளநீர் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும். ஊருணித் தண்ணீரைச் செம்பில் மொண்டு அண்ணாந்து குடித்து வளர்ந்தவர், சித்திரை வெயிலில் அம்மா அளந்து கொடுத்த டம்ளரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். உடனே குடித்துவிட மாட்டார். குடித்தால் தீர்ந்துவிடுமே.

ஆவணியில் ஒருநாள் அம்மாவிடம், “போதும். இனி நான் அங்க வரல” என்றார். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். அப்பாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னார். அடுத்த முறைக்கு நாங்கள் கெஞ்சிக் கூட்டிப்போனோம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், நான்கு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவுதான் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அப்பாவின் பெயரும் நம்பரும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அடியில் கிடந்த பழைய டைரியில் சுபேதார் ஐயாவின் எண் இருந்தது. நான் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஐயா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எந்தெந்தக் கிழமை?”

மூன்றாம் நாள் காலையில் நால்வரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள். எழுபத்தெட்டு வயதில் ஐயா ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்திருந்தார். கோலார் மாமா திருச்சி வரை ரயிலில் வந்து அங்கிருந்து பஸ் பிடித்திருந்தார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் “எப்படி இருக்கீங்க, சாப்பாடு இறங்குதா, கால் வீக்கம் குறைஞ்சுதா” என்றுதான் தொடங்குவார்கள். அன்போடுதான் கேட்பார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்பா இன்னும் கொஞ்சம் நோயாளி ஆவார். நீங்கள் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. ஐயா கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “டேய் காரைக்குடி, சீடை இருக்கா?” என்றார்.

அப்பா சிரித்தார். சுவர்ப் பக்கம் இருந்த முகம் திரும்பியது.

அந்தச் சீடைக் கதை எங்கள் யாருக்கும் தெரியாது. சியாச்சின் என்றால் எங்கள் வீட்டில் ஒரு போட்டோ மட்டும்தான், அதில் அப்பா யார் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். 1984-இல் நம் இராணுவம் அந்தப் பனியாற்றில் ஏறியது, அதற்குச் சில வருடம் கழித்து அப்பா அங்கே போனார் என்பது வரைதான் தெரியும். குளிர் எப்படி என்று கேட்டால் “இருந்துச்சு” என்பார். அவ்வளவுதான்.

அப்பத்தா தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்து சுட்ட சீப்புச் சீடையை ஒரு டின்னில் அடைத்து, லீவு முடிந்து கிளம்பியபோது கொடுத்துவிட்டிருக்கிறது. அப்பா அதை யாருக்கும் காட்டாமல் பனிமேல் இருந்த காவல் போஸ்ட் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். முட்டையும் தக்காளியும் கல்லாக உறைந்துபோகிற இடம் அது. நடுராத்திரியில், எல்லாரும் தூங்கிய பிறகு, ஸ்லீப்பிங் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு சீடையைக் கடித்திருக்கிறார். அந்த அமைதியில் ‘படக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. சுபேதார் ஐயா விழித்துக்கொண்டு, காலடியில் பனி பிளக்கிறது என்று நினைத்து, “எல்லாரும் வெளிய வாங்கடா!” என்று கத்தினாராம். அந்தக் குளிரில் ஒருவர் விடாமல் வெளியே வந்து வரிசையில் நின்றிருக்கிறார்கள். அப்பாவும் நின்றிருக்கிறார், ஒரு பக்கக் கன்னம் உப்பிக்கொண்டு. “வாயில என்னடா?” என்றால் பதில் சொல்ல முடியவில்லை. சீடையை அவசரத்துக்கு விழுங்க முடியாதே.

“துப்பவும் மாட்டேங்கிறான், முழுங்கவும் மாட்டேங்கிறான்” என்று ஐயா சொல்லும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் கேட்காத சத்தம் அது. மீதிச் சீடையை ஐயா பறிமுதல் செய்து ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டாராம். “என் பங்கு மூணு” என்று அன்றுதான் ஒத்துக்கொண்டார்.

கொல்லம் மாமா பதான்கோட் கதையைச் சொன்னார். வடக்கத்தி ஹவில்தார் ஒருவர் “பானி லாவ்!”, அதாவது தண்ணீர் கொண்டு வா என்று சத்தம் போட, இந்தி ஒரு வார்த்தை தெரியாத அப்பா சமையற்கட்டுக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய காலிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாராம். “பானி எங்கே?” என்று அவர் இந்தியில் கத்த, அப்பா பாத்திரத்தைத் தட்டிக் காட்டி, “இதான் சாப், பானை!”

தேனி மாமா சொன்னது ஒரு வாக்குமூலம். ராத்திரி சென்ட்ரி காவலில் அவர் நின்றபோது அப்பா பாஸ்வேர்டை மறந்துவிட்டு, “காரைக்குடிடா, நான்தான்டா” என்று கெஞ்சியிருக்கிறார். மாமா விடவில்லை. கையைத் தூக்கியபடி பத்து நிமிடம் நிற்க வைத்துவிட்டார். “குரலைக் கேட்டதுமே நீதான்னு தெரியும்டா. முந்தின நாள் என் ரம்மைக் குடிச்சல்ல” என்று முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து எங்கள் வீட்டுப் பட்டாலையில் வைத்துச் சொன்னார். அப்பா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். தலையணையைத் தூக்கி எறிந்தார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் அப்பா வாய் திறந்தார். அங்கே குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை வெட்டிக்கொண்டு வந்து மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்க வேண்டுமாம். பாத்திரம் நிறையப் பனி போட்டால் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதிலும் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். அடுப்புப் புகையில் எல்லார் முகமும் கரி. “சுத்திலும் தண்ணிதான், குடிக்கத்தான் இருக்காது” என்றார். கோலார் மாமா அம்மாவின் கையிலிருந்த டம்ளரைக் காட்டி, “இப்ப சுத்தமாவே வருது, உருக்கக்கூட வேண்டாம், உனக்கென்னடா கவலை?” என்றார். வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் எங்களுக்குக் கோபம் வந்திருக்கும். அப்பா டம்ளரை வாங்கிக் குடித்தார்.

மறுநாள் டயாலிசிஸ். அப்பா மறுப்பு சொல்லாமல் சட்டை போட்டுக்கொண்டார். கையில் அந்த இரண்டு ஊசிகளையும் குத்தும்போது தேனி மாமா காதோரம் குனிந்து, “வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு” என்று மதராஸ் ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தை மெதுவாகச் சொல்ல, அப்பா சிரித்துக் குலுங்க, நர்ஸ் “கையை ஆட்டாதீங்க ஐயா!” என்று அதட்டினார். அந்தச் சகோதரியும் சிரித்துக்கொண்டுதான் அதட்டினார்.

அன்றைக்கே நீங்கள் டியூட்டி ரோஸ்டர் போட்டுவிட்டீர்கள். மாதத்தில் ஆளுக்கு ஒரு வாரம். அது எங்கள் வீட்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஐயாவின் கையெழுத்தில் தொங்குகிறது. இதுவரை ஒருநாள்கூடத் தவறவில்லை. முன்னாள் படைவீரர் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்குவது எப்படி, எந்தத் தாளுக்கு எத்தனை நகல் என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும் ஐயாதான்.

இன்னும் சிலரைச் சொல்லாமல் விட்டால் அப்பா கோபித்துக்கொள்வார். ராத்திரி எத்தனை மணி என்றாலும் வந்து நிற்கும் ஆட்டோ தம்பி. உப்பில்லாமல் அப்பாவுக்குத் தனியாகக் குழம்பு வைத்துக் கொடுத்துவிடும் பக்கத்து வளவு ஆச்சி. டயாலிசிஸ் பிரிவின் நர்ஸ் சகோதரிகள். ரத்தம் தேவைப்பட்டபோது கேட்ட ஒரு மணி நேரத்தில் வந்து நின்ற கல்லூரிப் பிள்ளைகள், உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பா குணமாகிவிட்டார் என்று எழுத முடியாது. நோய் அப்படியேதான் இருக்கிறது, சில நாள் ரொம்பவே சோர்ந்துவிடுகிறார். ஆனால் “வரல” என்ற வார்த்தையை அதற்குப் பிறகு சொல்லவில்லை. எனக்கு நாற்பது வயதாகிறது. இத்தனை வருடம் நான் பார்க்காத, இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவனை நீங்கள் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, மாமா.

வரும் வாரம் கோலார் மாமாவின் முறை. அப்பாவுக்குச் சீடை கூடாது. ஆனாலும் நேற்று அம்மாவை உட்கார்த்தி வைத்து மாவு பிசையச் சொல்லி, சுட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். இன்று காலையில் எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, “டின்னு நிறைஞ்சிருக்கா?”