உள்ளே இன்னொரு உறை

அன்புள்ள வாயாடி,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவே இல்லை, தெரியும். திட்டுவதையெல்லாம் போனில் திட்டிக்கொள், இப்போது மேலே படி. உன் மாமியாரின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பையன் இந்தத் தடவையாவது தேறினானா? என் மகள் நன்றாக இருக்கிறாள், அதாவது என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள். நம்ம குதிரை மறுபடியும் வேலையை விட்டுவிட்டாளாம். எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒருவரைக் காதலிக்கிறேன். பெயர் தெரியாது. முகம் தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது.

சிரித்து முடித்துவிட்டாயா? மூக்குக்கண்ணாடி மிஸ் அன்றைக்கே சொன்னாரே, "உனக்குக் கடைசியில் பேய்தான் மாட்டும்" என்று. பலித்துவிட்டது என்று வைத்துக்கொள்.

பேனா நட்புக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னபோது "இந்த வயசில் உனக்கு எதுக்கு?" என்று கேட்டாயே, அதே குழுதான். சொந்தப் பெயர் கூடாது, முகவரி கூடாது, போட்டோ கூடாது. ஆளுக்கு ஒரு புனைபெயர், ஓர் எண். எழுதியதை ஒட்டி, குழுவை நடத்துகிறவருக்கு அனுப்ப வேண்டும். அவர் அதை அப்படியே இன்னோர் உறையில் போட்டு எதிராளிக்கு அனுப்பிவிடுவார். தபால் முத்திரையை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது, எல்லா உறையிலும் நடத்துகிறவர் ஊர் முத்திரைதான். எனக்கு வாய்த்தவரின் புனைபெயர் 'கடைசி பெஞ்ச்'. அதைப் பார்த்ததும் நீதான் ஏதோ விளையாடுகிறாயோ என்று ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். கையெழுத்து நன்றாக இருந்ததால் நீ இல்லை என்று தெரிந்துகொண்டேன். என் புனைபெயரைக் கேட்காதே. சொன்னால் ஆயுசுக்கும் அதை வைத்தே ஓட்டுவாய்.

முதல் சில மாதங்கள் எதிரில் இருப்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது. வந்தேன், போனேன், நினைத்தேன் என்று எழுதிக்கொண்டே போனால் தமிழில் எதுவும் வெளியே தெரியாதே. நானும் அப்படித்தான் பிடிகொடுக்காமல் எழுதினேன். ஒருநாள், நடுவில் ஒரு வரி: "காலையில் சவரம் செய்யும்போது தாடையில் வெட்டிக்கொண்டேன்." எனக்கு அப்படி ஒரு நிம்மதி! அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. வெறும் சிநேகிதம் என்றால் இதில் நிம்மதிப்பட என்ன இருக்கிறது?

ஏதோ கவிதை எழுதி மயக்கிவிட்டார் என்று நினைக்காதே. மனிதருக்கு அழகாக எழுதவே வராது. தன் பழைய சைக்கிளில் செயின் கழன்றதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார். படித்துக்கொண்டே நான் தூங்கிப்போயிருக்கிறேன். என்னைச் சாய்த்தது அவர் எழுதியது இல்லை, அடித்தது. நாமெல்லாம் ஒரு வரி பிடிக்காவிட்டால் என்ன செய்வோம்? கிறுக்கித் தள்ளி மையால் மூடிவிடுவோம். இவர் ஒரே ஒரு மெல்லிய கோடு போடுவார். கீழே இருக்கும் வரியை எழுத்து எழுத்தாகப் படித்துவிடலாம். ஒரு கடிதத்தில் "இன்றைக்கு யாரிடமும் பேசவில்லை" என்று எழுதி, கோடு போட்டு, அதற்கு மேலே பொடி எழுத்தில் "இன்றைக்கு ஓய்வாக இருந்தேன்" என்று திருத்தியிருந்தார்.

பதில் எழுதும்போது ஓய்வைப் பற்றி நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. "ஏன் யாரிடமும் பேசவில்லை?" என்று கேட்டேன்.

அடுத்து வந்த கடிதத்தில் சைக்கிள் இல்லை. எட்டுப் பக்கம், ஓர் அடித்தல்கூட இல்லை. அதில் என்ன இருந்தது என்று உனக்கும் சொல்ல மாட்டேன். படித்து முடித்தபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது, விளக்குப் போடத் தோன்றவில்லை. மகள் வந்து ஸ்விட்சைத் தட்டி, "என்னம்மா, கரண்ட் இல்லைன்னு நினைச்சியா?" என்றாள்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் மோப்பம் பிடித்துவிட்டாள். தபால்காரர் வருகிற நேரத்தில் நான் வாசல் கேட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன் அல்லவா? "துடைச்சுத் துடைச்சுக் கேட்டு பாதியாத் தேஞ்சு போச்சும்மா" என்கிறாள்.

இப்போது உன் போலீஸ் மூளை வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். இவன் மோசடிக்காரனாக இருந்தால்? நானும் யோசிக்காமல் இல்லை. அந்த வகை ஆட்களுக்கு என்று ஒரு நடைமுறை இருக்கிறது. ஆரம்பத்திலேயே "உன்னைப் போல் ஒருத்தியைப் பார்த்ததில்லை" என்பார்கள், குழுவை விட்டு வேறு வழியில் பேசலாம் என்று அவசரப்படுத்துவார்கள், அப்புறம் ஒரு விபத்து, ஓர் ஆபரேஷன், சுங்கத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பார்சல் என்று ஏதாவது கதை வரும், அதன் வாலில் பணம் வரும். இவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஒரு குறுக்கெழுத்துக் கேள்விக்கு விடை. அதையும் நான் தப்பாகச் சொன்னேன். காதல் என்கிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. முதன்முதலாக அதை உன்னிடம்தான் சொல்கிறேன்.

என் பயம் வேறு. இவரை நானே செய்துவிட்டேனோ என்கிற பயம். ஜோசப் வால்தர் என்று ஒரு தொடர்பியல் ஆய்வாளர், 1996இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் பேசுவது கணினி வழியாக எழுதிக்கொள்கிறவர்களைப் பற்றி, ஆனால் படிக்கப் படிக்க என் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து எழுதினாரோ என்று பட்டது. முகம், குரல் எதுவும் இல்லாதபோது எழுதுகிறவர் தன்னில் நல்லதை மட்டும் பொறுக்கி வைக்கலாம், நிதானமாகத் திருத்தலாம். படிக்கிறவர் மிச்சத்தைத் தன் ஆசைப்படி நிரப்பிக்கொள்வார். அப்படி நிரப்பிக்கொண்டு அவர் எழுதுகிற பதில், முதல் ஆளை இன்னும் அந்த மாதிரியே ஆக்கும். அதனால்தான் நேரில் பேசுகிறவர்களைவிட இவர்கள் சில சமயம் அதிகமாக நெருங்கிவிடுகிறார்களாம்.

அதைப் படித்ததும் எனக்கு அந்த அடித்தல்கள் நினைவுக்கு வந்தன. திருத்தி மறைக்கிற ஆள் இல்லையே இவர், திருத்தியதையும் காட்டுகிறாரே என்று முதலில் தெம்பாக இருந்தது. பிறகு ஒன்று உறைத்தது. நானும் இப்போதெல்லாம் அப்படித்தான் அடிக்கிறேன்! உண்மையை எழுதி, மெல்லியதாக ஒரு கோடு போட்டு, மேலே மரியாதையாக ஒரு பொய்யை எழுதி வைக்கிறேன். அவர் கீழே இருப்பதைத்தான் படிப்பார் என்று தெரிந்தே செய்கிறேன். அப்படியென்றால் அவரும் முதலிலிருந்தே தெரிந்துதான் செய்தாரா? யாரிடமும் பேசவில்லை என்ற அந்த வரி, நான் படிக்க வேண்டும் என்றே கோடு போட்டதா? இரண்டு ராத்திரி இதே நினைப்பு. தூக்கம் வரவில்லை. உனக்குப் போன் செய்யலாம் என்று எடுத்து எடுத்து வைத்தேன்.

பிறகு ஒரு கடிதம் தாமதமாக வந்தது. உறைக்குள் ஒரே ஒரு தாள், அதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. 'கி'யும் 'கீ'யும் வரியை விட்டு மேலே ஏறி நின்றன. "வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இடது கை. கடிதம் வராவிட்டால் பயப்படுவீர்களே என்று." அவ்வளவுதான். அடிக்க அதில் எதுவும் இல்லை. ஜோடிக்கவும் எதுவும் இல்லை. வால்தரை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நூலகம் என்றதும் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இந்தக் கிறுக்கு யாருக்காவது பிடித்திருக்கிறதா என்று தேடினேன். பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் கதை தெரியுமா? 1832இல் அவருக்கு ஒடெசாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'அந்நியள்' என்று மட்டும். பதில் போட முகவரி இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா, கடிதம் கிடைத்தது என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்! எழுதியது எவெலினா ஹான்ஸ்கா என்கிற போலந்துப் பிரபுகுலப் பெண், கல்யாணமானவள். 1833இல் சுவிட்சர்லாந்தில் சந்தித்தார்கள். 1841இல் அவள் கணவர் இறந்தார். அதற்கப்புறமும் இழுத்து இழுத்து 1850 மார்ச்சில் கல்யாணம். அதே வருஷம் ஆகஸ்டில் பால்சாக் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு காத்திருந்தது ஐந்து மாதத்துக்கா?

ரஷ்ய இசையமைப்பாளர் சாய்காவ்ஸ்கி இன்னொரு தினுசு. அவரை ஆதரித்த நதேழ்தா ஃபான் மெக் என்கிற பணக்கார விதவையும் அவரும் 1876 முதல் 1890 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். சந்திப்பதில்லை என்பது ஒப்பந்தம். 1879இல் ஒருநாள் இருவர் வண்டியும் தற்செயலாக எதிரெதிரே வந்துவிட்டது. அவர் தொப்பியைத் தூக்கி வணங்கினார், ஒரு வார்த்தை பேசாமல் அவரவர் வழியே போய்விட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், அதைப் படித்ததும் இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று எனக்கு ஆசையாக இருந்தது. பார்க்காமல் வைத்திருந்தால் உடையாது பார். ஆனால் அதுவும் உடைந்தது. 1890இல் அந்த அம்மாள் பணத்தையும் கடிதத்தையும் சேர்த்து நிறுத்தினாள், அவர் மனசு ரொம்பவே புண்பட்டது. பார்க்காமல் இருந்ததில் என்ன லாபம்?

எனக்குப் பிடித்தது ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட்தான். அங்கே பெயர் மறைப்பெல்லாம் இல்லை, ஆனால் முகம் பார்க்காமல் தொடங்கியது. 1845 ஜனவரியில் ராபர்ட் பிரவுனிங் என்கிற இன்னொரு கவிஞர் அவள் கவிதைகளைப் படித்துவிட்டு முதல் கடிதம் போடுகிறார். அவளுக்கு 38 வயது, நோயாளி, அறையே உலகம். அவருக்கு 32. வந்து பார்க்கலாமா என்றால், குளிர் போகட்டும், வசந்தம் வரட்டும் என்று தள்ளிப்போடுகிறாள். மே மாதம் பார்த்தார்கள். பார்த்த பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை, அதுதான் எனக்கு முக்கியம். அடுத்த வருஷம் செப்டம்பரில் ரகசியக் கல்யாணம் ஆவதற்குள் இரண்டு பேருமாக எழுதியவை 574 கடிதங்கள்.

இதையெல்லாம் எதற்கு அளக்கிறேன் என்றால், முந்தாநாள் வந்த உறைக்குள் இன்னோர் உறை இருந்தது. சின்னது, ஒட்டியிருந்தது. மேலே, மறுபடியும் வலது கையால்: "பெயரும் முகவரியும் உள்ளே இருக்கின்றன. விருப்பம் இருந்தால் பிரியுங்கள். இல்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிடுங்கள், வழக்கம்போல எழுதுகிறேன்." குழுவின் விதிப்படி இது தப்பு. நடத்துகிறவர் கவனிக்கவில்லையா, கவனித்தும் கண்டுகொள்ளவில்லையா, தெரியாது. யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

நான் பிரிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். உள்ளே கனத்த தாள், ஒன்றும் தெரியவில்லை.

முகம் தெரியாத ஆளை நம்பலாமா என்று நீ கேட்பாய். முகம் தெரிந்தவரோடு நான் வாழ்ந்தது உனக்குத் தெரியாததா? அவர் சட்டை அளவு எனக்குத் தெரியும், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று தெரியும். மனசில் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. முகம் தெரிந்து என்ன வாழ்ந்தது! அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கதை முடிந்துவிட்டது. ஆனால் இந்த மனிதரிடம் எழுதுகிற நான் இருக்கிறேனே, அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. தைரியசாலி, கொஞ்சம் குறும்புக்காரி. நேரில் போய் உட்கார்ந்தால் அவள் வருவாளா, அல்லது உனக்குத் தெரிந்த அந்த அழுமூஞ்சிதான் வந்து உட்காருமா? அவர் எப்படி இருப்பார் என்பதைவிட இதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

இருந்தாலும் ஒன்று செய்துவிட்டேன். இன்று காலை என் பெயரையும் முகவரியையும் எழுதி, அதேபோல ஒரு சின்ன உறையில் வைத்து அனுப்பிவிட்டேன். என் பெயர் தெரியாமல் அவர் உட்கார்ந்திருக்க, அவர் பெயரை நான் மட்டும் பிரித்துப் படிப்பது ஒளிந்து பார்ப்பது மாதிரி இருந்தது. என்னுடையது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும், அப்புறம் பிரிப்பேன். எப்படியும் பிரிப்பேன்.

எனவே உனக்கு வேலை வருகிறது. சந்திப்பது என்று ஆனால் பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில்தான். நீ வருகிறாய். பக்கத்து மேஜையில் யாரோ மாதிரி உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும். தும்மலாம், இருமலாம், வாயைத் திறக்கக்கூடாது. உன்னால் முடியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். குதிரையிடம் மூச்சு விடாதே. அவள் காதில் விழுந்தால் நம்ம செட்டு முழுக்க வந்து பக்கத்து மேஜையில் உட்காரும்.

அப்புறம், என் நீலப் புடவை உன்னிடம்தான் இருக்கிறது. இல்லை என்று சாதிக்காதே, நீ அதைக் கட்டிக்கொண்டு எடுத்த போட்டோவை நீதான் எனக்கு அனுப்பினாய். துவைத்துத் தேய்த்து எடுத்து வா.

உன்,
அழுமூஞ்சி