நிலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்

சிங்கப்பூர்
18-02-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

முத்து எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, மீனா, சின்ன அத்தை எல்லோரும் நலமாக இருக்க ஐயனார் துணை.

நீங்கள் ராசுவிடம் கொடுத்தனுப்பிய கடிதமும் அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டன. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டு வாசல் நிலையை ஒரு வியாபாரி விலைக்குக் கேட்டதாக எழுதியிருந்தீர்களே, போனில் பேசும்போதெல்லாம் அந்தப் பேச்சை எடுக்க நினைப்பேன். உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டால் வீடு முழுக்கக் கேட்கும். மீனா காதில் விழவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நீங்களே படியுங்கள்.

முதலில் அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. காலைக்கும் மதியத்துக்கும் விடிவதற்கு முன்பே பொட்டலம் வந்துவிடும். மதியம் பிரிக்கும்போது சோறு கொஞ்சம் விறைத்திருக்கும், அதற்குத்தான் ஊறுகாய். ஒரு துண்டை நான்கு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். வெயில் நம் ஊர் மாதிரி சுடாது, ஆனால் வியர்வை காயாது. சித்திரையும் மார்கழியும் இங்கே ஒன்றுதான். நினைத்த நேரத்தில் மழை கொட்டும், அரை மணியில் விட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ரூமிலேயே படுத்துக் கிடக்காதே என்று எழுதியிருந்தீர்கள். கிடப்பதில்லை. கபீர் பாய் விடமாட்டார். மேல் கட்டில் பங்களாதேஷ்காரர், போனில் சொல்லியிருக்கிறேனே, அவர்தான். 14 வருஷமாக இங்கே எலக்ட்ரிகல் வேலை. சைட்டில் பழகிய தமிழில் என்னிடம் எல்லாம் பேசுவார். அவருக்கு ஒரு பழக்கம், பெரிய மரத்தைப் பார்த்தால் நின்று சலாம் சொல்லாமல் தாண்டமாட்டார். சாலையோர மழைமரமாக இருந்தாலும் சரி. ஆரம்பத்தில் கூடப் போகக் கூச்சமாக இருந்தது. இப்போது நானும் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

அவரோடுதான் தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 1859இல் போட்ட தோட்டம், 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமை இடமாக அறிவித்திருக்கிறது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். நாங்கள் அங்கே போகவில்லை, மற்றதைப் பார்க்கவே ஒரு நாள் போதவில்லை. அங்கே தெம்புசு என்று ஒரு மரம், தோட்டம் வருவதற்கு முன்பே நின்ற மரம். கீழ்க்கிளை ஒன்று தரையைத் தொடுவதுபோலத் தாழ்ந்து, படுத்தவாக்கில் போகிறது. இங்கத்து ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து டாலர் நோட்டின் பின்பக்கம் இருப்பது அந்த மரம்தான். பாய் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, மரத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கிளையின் வளைவு அப்படியே இருக்கிறது. கரையான் தொடாத மரமாம் அப்பா. நீங்கள் பார்த்திருந்தால் தட்டிப் பார்த்தே வயசு சொல்லியிருப்பீர்கள்.

ரிட்லி என்ற வெள்ளைக்காரர், மரம் சாகாமல் பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் முறையை இந்தத் தோட்டத்தில்தான் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு மலேயா முழுக்க ரப்பர் தோட்டம் ஆகி, நம் பக்கத்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியிருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் தம்பி தோட்டத்துக்குப் போனவர் திரும்பவே இல்லை என்று அப்பத்தா சொல்வார்களே, அது ஞாபகம் வந்து அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

புக்கிட் தீமா மலைக்கும் ஏறினோம். இந்த நாட்டிலேயே உயரமான மலை அதுதான், 163 மீட்டர். நம் பிரான்மலையில் பாதிகூட வராது. ஆனால் காடு பழைய காடு, உள்ளே போனால் பகலிலேயே இருட்டும். உபின் தீவுக்கும் ஒரு தடவை போனோம். சாங்கியில் 12 பேர் சேர்ந்தால் படகை எடுப்பார்கள். தீவில் கோழி கூவியது. அவ்வளவுதான் அப்பா, கோழி கூவியது, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தெரு வாசல், அம்மா சாணி தெளிக்கிற சத்தம், எல்லாம் வந்துவிட்டது. பாய் ஒன்றும் கேட்கவில்லை, வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தார்.

உங்களுக்கென்றே பார்த்து வைத்த இடம் தெலுக் ஆயர் தெரு. அங்கே ஒரு நாகூர் தர்கா இருக்கிறது, 1830இல் கட்டி முடித்தது. அந்தக் காலத்தில் கடல் அந்தத் தெரு வரைக்கும் இருந்ததாம், பிறகு மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். கரை இறங்கியவர்கள் நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கு அங்கேயே நன்றி சொல்லிவிட்டுத்தான் ஊருக்குள் போயிருக்கிறார்கள். அதே தெருவில் சீனர்களும் அவர்களுடைய கடலம்மனுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள், தியான் ஹொக் கெங் என்று பெயர், 1842இல் முடிந்த வேலை. மரவேலையில் ஆணியே கிடையாதாம்! பாய் தர்காவில் துவா செய்துகொண்டிருந்தபோது நான் இந்தக் கோயிலில் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். விட்டத்தின் மேல் கட்டை, கட்டையின் மேல் விட்டம், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று செருகிய காடியும் கழுந்தும்தான். நீங்கள் சின்ன வயதில் எனக்குக் கழுந்து வெட்டக் கற்றுக்கொடுத்தபோது, தளர்ந்துபோனதற்காகத் தலையில் குட்டினீர்கள் இல்லையா, அந்த இடம் வலித்தது.

இங்கே நான் செய்யும் வேலையைப் பற்றி உங்களிடம் அதிகம் சொன்னதில்லை. ஒட்டுப்பலகையில் பெட்டி அடிக்கிறோம், கான்கிரீட் ஊற்றுகிறார்கள், இறுகியதும் நாங்களே பிடுங்கிப் போடுகிறோம். உளி எடுக்கிற வேலையே இல்லை. நான் அடித்தது எதுவும் பத்து நாள் தாண்டி நிற்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேக்காவில் இந்திய மரபுடைமை நிலையம் என்று ஒரு அருங்காட்சியகம், 2015இல் திறந்தது. பொங்கலை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் இல்லாமல் விட்டார்கள், போனேன். உள்ளே ஒரு நிலை. நம் செட்டிநாட்டு நிலை, அப்பா. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது. அதில் மொத்தம் 5,000 சின்னச் சின்னச் சிற்பங்களாம். பார்த்தவுடன் எனக்கு பர்மா தேக்கு என்றுதான் பட்டது. விரல் நுனியளவு உருவத்துக்கும் மூக்கு முழி எடுத்திருக்கிறார்கள். எந்த ஊர் ஆசாரியோ, எத்தனை பேர் உட்கார்ந்து எத்தனை வருஷம் செதுக்கினார்களோ. பெயர் தெரியவில்லை.

அதைக் கண் போல வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அது இங்கே இருப்பதால்தான் என்னைப் போன்றவர்கள் பார்க்க முடிகிறது. ஆனால் அந்த நிலையில் மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை, மாவிலைத் தோரணம் கட்டிய கறை இல்லை. பக்கத்தில் திண்ணை இல்லை. எனக்கு நம் வீட்டு நிலையை யாரோ இங்கே கொண்டுவந்து நிறுத்தியதுபோல ஆகிவிட்டது. காரைக்குடி வியாபாரி 80,000 தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார் என்று நீங்கள் எழுதியதை அதற்கு முந்தின ராத்திரிதான் மறுபடி படித்திருந்தேன்.

அப்பா, நிலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தாத்தா செட்டியார் வீட்டு வேலையில் கூலிக்குப் பதிலாக வாங்கிவந்த கட்டையில் செய்தது. இடது பக்கக் கிளிக்கு இன்னும் கண் திறக்கவில்லை. அவர் உளியை வைத்துவிட்டுப் படுத்தவர் எழவில்லை. நீங்களும் அதைத் தொடவில்லை, உன் கைக்கு நிதானம் வந்ததும் நீ செய் என்றீர்கள். அந்தக் கிளியை எந்த ஹோட்டல் வாசலில் கொண்டுபோய் வைப்பார்கள்? இங்கே தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் துண்டு இருக்கிறது. தொண்டூழியர்கள் எங்களை அழைத்துப்போய்க் காட்டினார்கள். ஆற்றின் முகத்துவாரத்தில் பாறையாக இருந்ததை 1843இல் வெடி வைத்து உடைத்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டில் இருக்கும் எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. இடத்தைவிட்டுப் பிரித்தால் நம் நிலையும் அப்படித்தான் ஆகும்.

மீனா கல்யாணத்துக்குப் பணம் வேண்டும், தெரியும். போன மாதம் கொஞ்சம் குறைவாக வந்ததற்குக் காரணம் ஓவர்டைம் இல்லாததுதான், வேறு ஒன்றும் இல்லை, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ரூமில் ஒரு சீட்டுப் போட்டிருக்கிறோம், சித்திரையில் எனக்கு விழும். 45,000 அப்படியே அனுப்புகிறேன். பெரியப்பா வாங்கிய 15,000 தை முடிந்ததும் தருவதாகச் சொன்னார், மாசியே வந்துவிட்டது. நீங்கள் கேட்கத் தயங்குவீர்கள், சின்ன அத்தையை விட்டுக் கேளுங்கள். கூட்டுறவு வங்கியில் இருக்கும் அம்மாவின் சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டித் திருப்பி வையுங்கள், மூழ்க விடவேண்டாம். மீதிக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் வைகாசிக்குப் பதிலாக ஆவணி முகூர்த்தம் பேசிப் பாருங்கள். நல்ல மனிதர்கள் என்றுதானே எழுதியிருந்தீர்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வியாபாரி மறுபடி வந்தால் மகன் வந்துதான் முடிவு சொல்வான் என்று சொல்லிவிடுங்கள். நிலையின் கீழ்ப்பக்கம் மழைத்தண்ணீர் படும் இடத்தில் வேப்பெண்ணெய் தடவச் சொல்லியிருந்தேன், தடவினீர்களா? என் உளிப் பையை அட்டத்தில் ஈரம் படாமல் வையுங்கள். ராசு பங்குனியில் திரும்பி வருகிறான். முடிந்தால் அவனிடம் அரை இஞ்சு உளி ஒன்றை மட்டும் கொடுத்துவிடுங்கள், பெட்டியில் அடியில் வைக்கச் சொல்லுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்,
முத்து