பொர் ஆஸ்பத்திரியில் என் தம்பிக்கு முகம் மழித்துவிட்டவருக்கு

இந்திய ராணுவத்திலிருந்து ஐ.நா. அமைதி காக்கும் படைக்குப் போய், ஆப்பிரிக்காவில் தெற்கு சூடானில் அடிபட்டுக் கிடந்த என் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் ஊன்றுகோல் இருக்கிறது, இன்னும் சில மாதம் இருக்குமாம், இருந்துவிட்டுப் போகட்டும். தன் காலால் நடந்து படியேறி வந்தான், அம்மா ஆரத்தி எடுத்தாள், அதற்கு மேல் எங்களுக்கு என்ன வேண்டும்.

என்ன நடந்தது என்று மறுபடி எழுதப் போவதில்லை. காரைக்குடி வட்டாரத்தில் இதைப் படிக்கிற பாதிப் பேர் அந்த நாட்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள், மீதிப் பேர் போனில் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், அதிலும் முக்கியமாக ஒருவருக்கு. அவரைக் கேட்காமல் பெயர் போடக்கூடாது என்று தம்பி சொல்லிவிட்டான், அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

மற்றவர்களைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி எந்நேரமானாலும் போனை எடுத்த யூனிட் சுபேதார் ஐயா, "எதையும் மறைக்க மாட்டேம்மா, உள்ளதைச் சொல்றேன்" என்று முதல் நாளே சொல்லி, கடைசி வரை அப்படியே நடந்துகொண்டார். தேவகோட்டைப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து, ராணுவத்துக் காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குப் புரியும்படி சொன்ன முன்னாள் ராணுவத்தினர், அடுப்பே பற்றவைக்க விடாமல் சோறும் குழம்பும் கொண்டுவந்த தெருக்காரர்கள், கொப்புடையம்மனுக்கும் பிள்ளையார்பட்டிக்கும் நேர்ந்துகொண்டவர்கள், பள்ளிவாசலில் துவா செய்த பாய் வீட்டார், யாரும் சொல்லாமலே என் கணக்கு வேலையைத் தங்களுக்குள் பிரித்து எடுத்துக்கொண்ட ஆத்தங்குடிக் கல் பட்டறைப் பெண்கள். உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள்.

அப்புறம் ருவாண்டா நாட்டு ஹெலிகாப்டர்காரர்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐ.நா. படையில் ஒருவருக்கு அடிபட்டால் பத்து நிமிடத்தில் முதலுதவி, ஒரு மணி நேரத்துக்குள் தேர்ந்த அவசரச் சிகிச்சை, இரண்டு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது அங்கே விதி என்று சுபேதார் ஐயா சொன்னார். தெற்கு சூடானில், அதுவும் ஜோங்லே மாநிலத்தில், மழைக்காலத்தில் அது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் கரிசல் மண். மழை பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் பல சாலைகளில் வண்டி நகராது, ஆகாய வழி ஒன்றுதான். அந்த வழியில் வந்து என் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், 1994-இல் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள். அந்தக் கொலைகள் நடந்துகொண்டிருந்தபோதே பாதுகாப்பு மன்றம் ஒரு தீர்மானம் போட்டு, அங்கிருந்த ஐ.நா. படையைச் சுமார் 2,500 பேரிலிருந்து 270 ஆகக் குறைத்தது. யாரும் வராமல் சாகக் கிடந்த நாடு அது. இன்று உலகத்திலேயே ஐ.நா.வுக்கு அதிகம் படை அனுப்பும் நாடுகளில் அதுவும் ஒன்று. இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் வெகுநேரம் அழுதேன், துக்கமா நன்றியா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஹெலிகாப்டர் பொர் என்ற ஊரில் இறங்கியது. வெள்ளை நைல் நதிக்கரை ஊர், ஜோங்லே மாநிலத்தின் தலைநகரம். அங்கே ஐ.நா.வுக்காக ஆஸ்பத்திரி நடத்துவது இலங்கை ராணுவம்.

சுபேதார் ஐயா இதைச் சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தமிழ் படிக்கிற யாருக்கும் நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2009-ஐ நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன், இந்த மடல் அந்தக் கணக்கை நேர் செய்ய எழுதுவதும் இல்லை, அதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பறிகொடுத்தவர்கள் ஈழத்துச் சனங்கள். ஆனால் அன்று என் தம்பி மேசைமேல் கிடந்தான், கத்தி இலங்கை ராணுவ டாக்டர்கள் கையில் இருந்தது, நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் ஒரு பெரியவர், "1987-ல நம்ம ஆளுக இலங்கைக்குப் போன மாதிரியா இதும்?" என்று கேட்டார். அது வேறு, அது இரண்டு அரசுகள் செய்த ஒப்பந்தத்தின்படி போன படை, ஐ.நா. அதில் இல்லை, இதில் பாதுகாப்பு மன்றம் தீர்மானம் போட்டு, பல நாடுகள் ஆளும் வண்டியும் மருந்தும் கொடுத்து, எல்லோரும் ஒரே நீலத் தொப்பியில் நிற்கிறார்கள் என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டே இருந்தபோது மனசு மட்டும் அந்த ஆஸ்பத்திரிக் கதவிலேயே நின்றது.

பக்கத்து வீட்டு ஆச்சிதான் என்னை உட்காரவைத்தார். "எங்க அப்பச்சி கொழும்புச் செட்டியார் தெருவுல கடை வச்சிருந்தாக. காய்ச்சல்ல படுத்தப்போ பக்கத்துல இருந்து கஞ்சி குடுத்தது ஒரு சிங்களப் பையன்தான். பேசாம போயி விளக்கேத்து" என்றார். கொண்டுவிற்கப் போனவர்களுக்காகப் பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் பார்த்துக் காத்திருந்த ஊர்கள் இவை, அந்தக் காத்திருப்பு ஆச்சிக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். நான் விளக்கேற்றினேன்.

இனி எழுதுவது தம்பி வந்த பிறகு சொன்னது.

அறுவை முடிந்து நினைவு தெளிந்த பிறகு, அம்மாவிடம் வீடியோவில் பேசலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். அந்த வார்டில் ஒரு நர்ஸ், சிங்களவர், தம்பியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அன்று அவருடைய டூட்டி சாயங்காலமே முடிந்துவிட்டது. போகாமல் வந்து கட்டிலோரம் நின்று தம்பி முகத்தைப் பார்த்திருக்கிறார். பல நாள் தாடி, தாடையில் தையல், தையலோரத்தில் ரத்தம் காய்ந்து ஒட்டிய மயிர், காதுக்குப் பின்னால் இன்னும் சேறு. "இப்பிடியா அம்மா பாக்கிறது?" என்று கேட்டாராம், தமிழில். வவுனியாவில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட தமிழ்.

ஒரு கிண்ணத்தில் வெந்நீர், தன்னுடைய ஷேவிங் கிரீம், புது ரேசர், ஒரு துண்டு. கழுத்துக்குக் கீழே துண்டை விரித்து, பஞ்சை நனைத்து முதலில் காய்ந்த ரத்தத்தை ஊறவைத்தார். தையல் பக்கம் ரேசரைக் கொண்டுபோகாமல் சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மயிராக வெட்டினார். மீசைக்கு வந்ததும் கையை நிறுத்தினார். எழுந்து போய்த் தம்பியின் அடையாள அட்டையை எடுத்து வந்து, வெளிச்சத்தில் பிடித்து, படத்தில் மீசை எப்படி இருக்கிறதோ அதே அளவுக்கு ஓரங்களை ஒதுக்கினார். "மீசை எடுத்தா அம்மா பயந்திடுவாங்க" என்றாராம். நம் பக்கம் ஆண்பிள்ளைக்கு எப்போது மீசையை எடுப்பார்கள் என்று நமக்குத் தெரியும். வவுனியாவில் எத்தனை வீட்டுத் துக்கத்தைப் பார்த்து அவர் அதைத் தெரிந்துகொண்டாரோ.

பிறகு தலையைத் துடைத்துச் சீவிவிட்டார். ட்ரிப்ஸ் ஸ்டாண்டைத் தலைமாட்டுக்குப் பின்னால் தள்ளினார். காலில் மாட்டியிருந்த கம்பிகளைப் போர்வையால் மூடினார். போனைத் தானே பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிகிற தூரத்தில் நின்றார், கை கடுக்கக் கடுக்க, பேசி முடிக்கும் வரை.

அங்கே இரவு எட்டு என்றால் நமக்குப் பதினொன்றரை. படம் நின்று நின்று வந்தது. அம்மா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "மூஞ்சி தெளிவா இருக்குடி" என்றாள் என்னிடம். அத்தனை நாளும் நாங்கள் ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொண்டவள், போனை வைத்ததும் சோறு போடச் சொல்லிக் கேட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு, ஆறிப்போயிருந்தது, சூடுபண்ணக்கூட விடவில்லை.

போனை வைக்கும் முன்னால் அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். "அம்மா, பயம் வேண்டாம். கஞ்சி குடிச்சார். கால் சரியாகும். அக்கா, நீங்களும் தூங்குங்க." அம்மா அவருக்கு நன்றி சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை என்று பிறகு சொன்னாள். "உங்கம்மா எங்கய்யா இருக்காங்க?" என்றுதான் கேட்டாள். இலங்கையில் குருநாகல் என்றார். "நா கேட்டேன்னு சொல்லுய்யா" என்றாள். அவர் தலையாட்டினார், அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அந்த இரவுக்கு முன்னால் நான் போனில் எதையெதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தேன், தூக்கம் வராதவள் வேறென்ன செய்வாள். 2013 ஏப்ரலில் இதே ஜோங்லேயில் நம் சிப்பாய்கள் ஐந்து பேர் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்ததைப் படித்தேன். இதுவரை ஐ.நா. பணிக்குப் போன இந்தியர்கள் 2,90,000-க்கும் மேல், அதில் திரும்பாதவர்கள் ஏறக்குறைய 180 பேர், வேறெந்த நாடும் இத்தனை பேரை இழக்கவில்லை என்று படித்தேன். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. அந்த 180 வீடுகளிலும் ஒரு தாய் இப்படிப் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள், அந்த வீடுகளை நினைக்காமல் எனக்கு இந்த நன்றி எழுத முடியாது.

எங்கள் பையன் அங்கே ஏன் போனான் என்று கேட்டவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2013 டிசம்பரில் அந்த நாட்டில் உள்நாட்டுச் சண்டை வெடித்தபோது பல்லாயிரம் பேர் ஐ.நா. முகாம்களுக்குள் ஓடி வந்துதான் உயிர் பிழைத்தார்கள். ஐ.நா.வுக்கென்று சொந்தமாக ஒரு பட்டாளம் கிடையாது. நேபாளமும் வங்கதேசமும் நாமும் ருவாண்டாவும் அனுப்பினால்தான் ஆள். பொர் நகரில் தென்கொரியப் பொறியாளர்கள் சாலை போடுகிறார்கள், அதே நாட்டில் மலக்கால் என்ற ஊரில் நம் இந்திய டாக்டர்கள், பெந்தியூ என்ற ஊரில் வியட்நாம் ஆஸ்பத்திரி, அதே பெந்தியூவை வெள்ளம் சூழ்ந்தபோது கரை கட்டிக் காத்தவர்கள் பாகிஸ்தான் பொறியாளர்கள். இதைத் தம்பி சொன்னபோது திண்ணையில் இருந்த ஒருவர் "பாகிஸ்தானா?" என்று கேட்டார். ஆமாம், பாகிஸ்தான்தான். மலக்காலில் நம் டாக்டர்கள் கைவைத்துக் காப்பாற்றிய யாரோ ஒரு பையனின் அக்கா இன்னொரு நாட்டில் உட்கார்ந்து இதே மாதிரி எழுதிக்கொண்டிருப்பாள் என்று நான் நம்புகிறேன்.

அதனால்தான் ஒரு செய்தி என்னை வாட்டுகிறது. 2025 அக்டோபரில், உறுப்பு நாடுகள் கட்ட வேண்டிய பணம் வராததால் உலகம் முழுக்க அமைதி காக்கும் படையினரில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்கப் போவதாக ஐ.நா. அதிகாரிகள் சொன்னார்கள். இந்தச் செலவில் ஏறத்தாழப் பாதி அமெரிக்காவும் சீனாவும் கொடுக்க வேண்டியது. ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,400 டாலருக்குச் சற்று மேல், அதுவும் அவரை அனுப்பிய அரசாங்கத்துக்குத்தான் ஐ.நா. தருகிறது. பணக்கார நாடுகளே, உங்கள் பாக்கியைக் கட்டுங்கள். ஆளைக் குறைத்தால் எந்த ஹெலிகாப்டர் நிற்கும், எந்த வார்டு மூடப்படும், அடிபட்டுக் கிடக்கும் எந்தப் பிள்ளைக்கு அந்த இரண்டு மணி நேரம் கடந்துபோகும்? எனக்குக் கோபமாக வருகிறது, மறைக்கவில்லை.

நான் செய்யக்கூடியது ஒன்றுதான். சிவகங்கை மாவட்டத்தில் எந்த வீட்டுப் பிள்ளை ஐ.நா. பணிக்குப் போனாலும் சரி, எனக்குச் சொல்லி அனுப்புங்கள். காகிதம் படித்துச் சொல்கிறேன், எங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்க உட்கார ஆள் வேண்டுமென்றால் வந்து உட்காருகிறேன். அம்மா தன் பங்குக்கு, கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவில் அன்னதானம் போடுவதாக நேர்ந்திருக்கிறாள், தம்பி பெயரில் ஒன்று, குருநாகல் அம்மாவின் பெயரில் ஒன்று.

அதற்கு அந்த அம்மாவின் பெயர் வேண்டும், இந்த மடலும் அவர்கள் கையில் சேர வேண்டும். சிங்களம் எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் மொழிபெயர்த்துக் கொடுங்கள், மீசையைப் பற்றி எழுதியதை விட்டுவிடாமல். கொழும்பில் இன்னும் சொந்தம் உள்ளவர்களும் சொல்லுங்கள்: அம்மா நேற்றே மாவரைத்துச் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் செய்து டின்னில் போட்டு மூடி வைத்துவிட்டாள், காரைக்குடியிலிருந்து குருநாகலுக்கு நமுத்துப் போகாமல் அனுப்ப என்ன வழி?