சாலை போடும்போதே கேபிள் குழாயும் வேண்டும்

ஐயா,

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை ஒட்டிப் புதுப்புது மனைப்பிரிவுகளும் அடுக்குமாடிகளும் வந்துகொண்டே இருக்கின்றன. குடிநீர், கழிவுநீர், மின்சாரம் எல்லாவற்றுக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்குகிறார்கள். இணையக் கேபிளை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அப்புறம் என்ன, ஜனங்கள் குடிவந்ததும் கம்பெனிக்கு ஒரு பள்ளம். தார் காய்வதற்குள் சாலை கிழிகிறது. எங்கள் தெருவிளக்குக் கம்பத்தில் கருப்பு வயர் சுருள் சுருளாகத் தொங்குகிறது. வேப்பமரத்தில் ஆணி அடித்து ஒரு பெட்டியையும் மாட்டியிருக்கிறார்கள். இணைப்பைத் துண்டித்தவர் வீட்டு வயரைக் கழற்ற ஒருவரும் வருவதில்லை.

சாலைக்கு முன்பே ஒரு பொதுக் குழாய் பதித்து, ஆங்காங்கே மூடி திறந்து வேலை பார்க்கும் தொட்டி (சேம்பர்) வைத்துவிட்டால் போதும். எந்த நிறுவனமும் வாடகை கொடுத்து அதில் ஃபைபர் கேபிளைக் கோத்துக்கொள்ளலாம். பணத்தைத் தின்பது குழாய் அல்ல, தோண்டி மூடும் வேலைதான். அந்தக் குழாயை பில்டர் ஒரே கம்பெனிக்குத் தாரைவார்த்துவிடவும் கூடாது.

கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புக்கு நட்சத்திரத் தரம் வழங்கும் விதிமுறையை 2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்தது. நல்லதுதான், ஆனால் விரும்பினால் மட்டுமே விண்ணப்பிக்கலாம். விருப்பத்துக்கு விட்டால் இங்கே எது நடந்திருக்கிறது? மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சிஎம்டிஏ) நகர் ஊரமைப்பு இயக்ககமும் (டிடிசிபி) இதை நிபந்தனையாக்க வேண்டும். சாலைகளை உள்ளாட்சியிடம் ஒப்படைக்கும்போது குழாயையும், அது போகும் வழியைக் காட்டும் வரைபடத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

– ஒரு வாசகர், கேளம்பாக்கம்