ரோல் பாரை விரலால் தட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பந்தயத்துக்கு முன் கார்களைப் பரிசோதித்து அனுமதி வழங்கும் தொழில்நுட்பக் குழுவினர் அனைவருக்கும்,

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சென்ற மாதப் பந்தயத்தன்று காலை ஆறரை மணிக்கு உங்கள் பரிசோதனைக் கூடாரத்தின் முன் வரிசையில் நின்ற, கூரையும் கதவும் இல்லாத, இரண்டு இருக்கைகள் கொண்ட அந்தப் பச்சை நிறக் கார் உங்களில் சிலருக்கேனும் நினைவிருக்கும். அதை நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘எந்த வகுப்பிலும் அடங்காது’ என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். காரில் குறை இருந்தது என்று எழுதியிருந்தால் அதைத் திருத்திக்கொண்டு அடுத்த முறை வந்து நின்றிருப்பேன். குறை சொல்லப்படுவதைக் கண்டு வருந்துகிறவன் கார் கட்ட வரமாட்டான். ஆனால் எதில் அடங்க வேண்டும் என்பதை எங்குமே எழுதிவைக்காமல், அடங்கவில்லை என்பதை மட்டும் எழுதித் தந்தால், அதை வைத்துக்கொண்டு நான் பட்டறையில் என்ன செய்வது?

ஆகவே என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துண்டுகளாக வாங்கி நாமே கூட்டிக் கட்டும் கிட் கார்களுக்கும் வீட்டில் கட்டப்படும் கார்களுக்கும் உரிய தொழில்நுட்ப விதிகளை, ஒரேயொரு பக்கமாக இருந்தாலும் போதும், எழுதி, திகதியிட்டு, ஒப்பமிட்டு வெளியிடுங்கள்.

இந்தக் காரின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்புறத்தில், வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒருவர் பெட்டி பிரிக்காமலே விட்டுச்சென்ற கிட் அது. 25 மில்லிமீற்றர் சதுரக் குழாய்களால் ஒட்டிய சட்டகம், முன் சஸ்பென்ஷன் கைகள், மூக்குப் பகுதி, இவ்வளவே அதில் இருந்தன. பின் அச்சு பழைய கே.ஈ. 70 கொரோலாவுடையது. 1587 சி.சி. கொள்ளளவும் 16 வால்வுகளும் கொண்ட டொயோட்டா 4ஏ-ஜீஈ எஞ்சினைப் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடுத்தேன். அதற்குப் பொருந்தும், பின்சக்கரங்களை இழுக்கும் கியர்பெட்டியைத் தேடித்தான் எட்டு மாதம் அலைந்தேன். உடைந்திருந்த மட்கார்டுகளை நீர்கொழும்பில் மீன்பிடிப் படகு செய்பவர்கள் கண்ணாடியிழையில் வார்த்துத் தந்தார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், என்னைப் போன்ற சம்பளக்காரன் ஒருவன் இலேசான பந்தயக் கார் ஒன்றில் ஏற அந்த ஆண்டுகளில் வேறு வழி இருக்கவில்லை என்பது விளங்கும்.

இனி ரோல் பார், அதாவது கார் கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலையைக் காக்கும் இரும்புக் குழாய் வளைவு, அதன் விடயத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

கார் சட்டகமாக இருந்த காலத்தில் உங்கள் குழுவில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் வரும் பிரதான வளைவுக்கு எந்த அளவுக் குழாய் வேண்டும் என்று கேட்டேன். ஒன்றரை அங்குலம் போதும் என்றார். ஒன்றரை அங்குலம் என்றால் ஏறத்தாழ 38 மில்லிமீற்றர். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் குறித்துக்கொண்டு போய், பழைய சோனகத் தெருவில் ஏழு கடைகள் ஏறி இறங்கி, மூட்டில்லாமல் இழுத்த குழாய் தேடி வாங்கி, கிராண்ட்பாஸில் உள்ள வெல்டிங் பாஸிடம் (மேஸ்திரியிடம்) கொடுத்து ஒட்டுவித்தேன். காருக்கு வர்ணமும் பூசியாயிற்று. சென்ற ஆண்டு முதன்முறையாகக் காரைக் கொண்டுவந்தபோது அதே குழுவைச் சேர்ந்த இன்னொருவர், பிரதான வளைவுக்கு 38 போதாது, 45 வேண்டும் என்றார். அவர் சொன்னதே சரி. அதை நான் மறுக்கவில்லை. சர்வதேச மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தின் பின்னிணைப்பு ஜே, 253 ஆம் உறுப்புரை, பிரதான வளைவுக்கு 45க்கு 2.5 அல்லது 50க்கு 2.0 மில்லிமீற்றர் குழாய் (முதல் எண் விட்டம், அடுத்தது சுவரின் தடிப்பு) வேண்டும் என்றும், 38க்கு 2.5 ஏனைய பகுதிகளுக்கே உரியது என்றும் சொல்கிறது. முதலாமவர் அட்டவணையின் கீழ் வரியை வாசித்திருக்கிறார், இரண்டாமவர் மேல் வரியை வாசித்திருக்கிறார். இரண்டு வரிகளுக்கும் இடையில் வெட்டுப்பட்டது என் கார்.

ஒட்டி, வர்ணம் பூசிய வளைவொன்றை வெட்டி எடுப்பது என்றால் என்ன என்பதைக் கூடாரத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். எரிபொருள் தாங்கியைக் கழற்றி, வயர்களை உருவி, இருக்கைகளை எடுத்து, மட்கார்டுகளுக்கு ஈரச் சாக்குப் போர்த்திய பின்னர்தான் கிரைண்டரைக் கையில் எடுக்கலாம். வெட்டிய இடத்தில் அடிப்பாகத்துக் குழாயும் சிறிது மெலிந்துபோகும் என்பதால் அதையும் மாற்ற வேண்டும். புதிய குழாயை நெருப்பில் காட்டாமல் குளிர்நிலையில்தான் வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. படிக்கட்டுக் கைபிடி வளைப்பவர்களின் இயந்திரத்தில் வளைத்தால் குழாய் உள்வாங்கிச் சப்பையாகிவிடுகிறது. அப்படி இரண்டு குழாய்கள் வீணாயின. மூன்றாவது குழாய்தான் இப்போது காரில் இருக்கிறது. வெல்டிங் பாஸ் கடைசி ஒட்டை ஒட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “தம்பி, அடுத்த முறை அவங்க சொல்றத எழுதி வாங்கிட்டு வாங்க, பிறகு வெட்டுவம்” என்றார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அந்த மனிதருக்குத் தோன்றியது, கொடிகளுக்கும் கோப்பைகளுக்கும் குறைவில்லாத நம் கழகங்களுக்கு இத்தனை ஆண்டுகளாகத் தோன்றாமல் போனது எப்படி என்று யோசிக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகு சென்ற மாதம் நடந்ததையும் சொல்ல வேண்டும். குழாய்ச் சுவரின் தடிப்பை நீங்கள் அளந்து பார்க்கலாம் என்று வளைவின் அடியில் ஒரு சிறு துளை இட்டு, தூசி போகாமல் நாடா ஒட்டி வைத்திருந்தேன். சட்டைப் பையில் தடிப்பை அளக்கும் வேர்னியர் கருவி இருந்தது, நீட்டினேன். அதை வாங்காமல், பலாப்பழம் பழுத்திருக்கிறதா என்று சந்தையில் தட்டிப் பார்ப்பதுபோல, அந்த அதிகாரி விரல் முட்டியால் குழாயை இரண்டு தரம் தட்டினார். தலையசைத்தார். எது சரி, எது பிழை என்று சொல்லவில்லை. அதன்பின் படிவத்தை எடுத்து, உற்பத்தியாளர் யார் என்று கேட்டார். துண்டுகளைச் செய்தது ஒரு நிறுவனம், கூட்டிக் கட்டியது நான் என்றேன். அப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லை என்றார். எஞ்சின் கொள்ளளவையும் காரின் பெயரையும் வைத்துத்தான் வகுப்புகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பெயரில்லாத கார் எங்கே போகும்?

அதற்கு முந்திய ஞாயிறு இரவு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல அனுமதியுங்கள். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவரிடம் அரிசி மூட்டை நிறுக்கும் நான்கு தராசுகளை இரவல் வாங்கி, சமதரையில் வைத்து, சில்லுக்கு ஒன்றாகக் காரை ஏற்றி, ஹெல்மட்டும் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். என்னையும் சேர்த்து 618 கிலோ. முன் இடதும் பின் வலதும் சேர்ந்த எடை, மற்ற இரு மூலைகளின் எடைக்குச் சமமாக வரும்வரை ஸ்பிரிங் அமரும் வளையங்களை மைத்துனர் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிக்கொண்டே இருந்தார். இடப்பக்கம் திரும்பும்போது ஒரு விதமாகவும் வலப்பக்கம் திரும்பும்போது வேறு விதமாகவும் கார் நடந்துகொள்ளக்கூடாது என்பதற்கே இந்தப் பாடு. அதிகாலை இரண்டு மணிக்கு வித்தியாசம் இரண்டு கிலோவுக்கு வந்தது. அந்தக் காரைத்தான் ஐயா, விரல் முட்டியால் பரிசோதித்தீர்கள்.

கிட் கார் என்றாலே விதியை ஏமாற்றும் வேலை என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது ஒருவகையில் உண்மைதான். 1957இல் லோட்டஸ் நிறுவனர் கொலின் சாப்மனின் லோட்டஸ் செவன் என்ற கார் வந்தபோது, கட்டி முடித்த காருக்கு இங்கிலாந்தில் கொள்வனவு வரி இருந்தது, உதிரிகளாக விற்றால் இல்லை. பொருத்தும் முறையைச் சொல்லும் குறிப்பு உடன் வரக்கூடாது என்றிருந்ததால், கழற்றும் முறையைச் சொல்லும் குறிப்பை அனுப்பி, வாங்கியவர்களைப் பின்னிருந்து வாசிக்கச் சொன்னார் என்று இன்றும் கதை சொல்வார்கள். 1973இல் பெறுமதிசேர் வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டில் செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. நான் இங்கே சுட்ட விரும்புவது சாப்மனின் சாமர்த்தியத்தை அல்ல. அவரால் குறுக்குவழி தேட முடிந்ததே, வாசிப்பதற்கு ஒரு விதி இருந்தபடியால்தான். அதே நாட்டில் இன்று வீட்டில் கட்டிய காரைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் தனி வாகன அங்கீகாரப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பரிசோதகர் எதை, எப்படிப் பார்ப்பார் என்பது முழுவதையும் கட்டுபவர் முதலாம் நாளே வாசித்துக்கொள்ளலாம். நமக்கோ நேர்வழிக்கே வரைபடம் இல்லை. நம் நாட்டில் நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஒரு பக்கம் எழுதுவதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் போதாதா?

கோபத்தில் எழுதுவதால் சற்று விலகியும் போகிறேன், பொறுத்தருள்க. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, பகுதிகளை எழுத்துகளால் பிரித்திருந்த மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதியின் எழுத்து எப்போது வரும் என்று பார்த்து வெல்டிங் செய்தோம். பின்னர் எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூ.ஆர். முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்றானபோது, இலக்கத்தகடு இல்லாத இந்தக் காருக்கு ஒரு துளியும் உரிமையில்லை. அலுவலகம் போகும் காரின் பங்கிலிருந்து எடுத்துத்தான் எஞ்சினை முதன்முறை இயக்கிப் பார்த்தேன். யோசித்துப் பார்த்தால், தலைக்குமேல் நெருக்கடி இருந்த அந்த நாட்களிலும் மின்வெட்டு எப்போது, எத்தனை லீற்றர் என்பவை எழுத்தில் இருந்தன. உங்கள் கூடாரம்தான் இன்னும் வாய்மொழியில் நடக்கிறது.

விதிகளைத் தளர்த்தச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த பந்தயத்தில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு உயிர்கள் போயின. அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். அதற்குப் பிறகு இறுக்கமான பரிசோதனை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் வரைந்த மின்துண்டிப்பான் ஆளி, தீயணைப்பான், எரிபொருள் தாங்கிக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் தகடு, இன்னும் நீங்கள் கேட்பது எதுவானாலும் வைக்கிறேன். கேளுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆசனப் பட்டியையும் சம்மேளனத்தின் முத்திரையுள்ளதாகவே வாங்கினேன். அந்தப் பட்டிகளுக்கு ஆயுள் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஐந்து ஆண்டுக் கணக்கு. என்னுடையதில் தைத்திருக்கும் சீட்டின்படி வரும் டிசம்பரோடு அது காலாவதியாகிறது. ஒரு சுற்றுக்கூட ஓடாமல் முதுமையடையும் பட்டி இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எனவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: விதியை எழுத்தில் தாருங்கள். மூன்று மொழிகளிலும் தந்தால் என்னைப் போன்றவர்களும் பட்டறைக்காரர்களும் அதே தாளை வாசிப்போம். வகுப்புப் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். இரண்டு கார்கள் மட்டுமே வந்தாலும் நேரம் மட்டும் கணிக்கும் ஓட்டமாக நடத்துங்கள், கோப்பை வேண்டாம். அத்தோடு, வர்ணம் பூசுவதற்கு முன், ஒட்டுகள் கண்ணுக்குத் தெரியும் நிலையில் ஒருமுறை சட்டகத்தைப் பார்த்து ஒப்பமிடும் முறையையும் ஏற்படுத்துங்கள். அதற்குக் கட்டணம் வைத்தாலும் மறுக்கமாட்டோம். வெட்டிய குழாய்களின் விலையைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

கார் கொட்டாஞ்சேனையில் என் வீட்டு வாசலில் தறப்பாளுக்கு அடியில் நிற்கிறது. துளைமேல் ஒட்டிய நாடா அப்படியே இருக்கிறது. டிசம்பருக்கு முன் எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் உங்களில் ஒருவர் வந்தால் நாடாவை உரித்துக் காட்டுவேன். வேர்னியரும் பிளேன்டீயும் என் பொறுப்பு.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
எந்த வகுப்பிலும் அடங்காத காரின் சொந்தக்காரன்
கொழும்பு 13